போதுமா என்று கேட்காதே

உட்லண்ட்ஸ் என்று சொன்னால் சென்னைக்காரர்களுக்கு ஓட்டல் நினைவு வரும். எனக்கு அது சிங்கப்பூரில் என் ஊர். மார்சிலிங் பக்கத்து அடுக்குமாடியில் எங்கள் வீட்டு நடைவழியில் நின்றால் மலேசியாவின் ஜொகூருக்குப் போகும் கடற்பாலம் தெரியும். 1924-இல் முறையாகத் திறக்கப்பட்டது. நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். விடியுமுன் ஐந்து மணிக்கே அந்த ஒரு கிலோமீட்டரில் மோட்டார்சைக்கிள் விளக்குகள் எறும்புச் சாரியாக ஊரும். நகரத்தின் இந்தியர் பகுதியான தேக்காவில் எட்டு மணிக்குத் தோசை வைக்கப்போகும் கைகளும் அந்தச் சாரியில் இருக்கும்.

திங்கட்கிழமை முதல் என் தங்கை மகனும் அதில் ஒருவன். போன வாரம் ஜொகூர் பாருவிலிருந்து அழைத்தான். "பெரியம்மா, சிராங்கூன் ரோட்டுல சாப்பாட்டுக் கடையில வேலை கெடச்சிருக்கு. நீங்க அந்த வேலை பாத்தவங்கதானே, என்ன கத்துக்கிட்டுப் போகணும்?" என்றான். "நல்ல சப்பாத்து வாங்கிக்கோ" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அது உண்மையான அறிவுரைதான். பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவனுக்குத் தத்துவம் பிறகு, கால் முதலில். ஆனால் அதோடு முடித்துக்கொண்டது மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நான் அந்த வேலைக்குப் போனது 1996-இல். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் உட்லண்ட்ஸுக்கு ரயில் வந்திருந்தது. தேக்காவுக்கு ரயில் வர இன்னும் ஏழு ஆண்டு இருந்தது. எனவே எனக்கு 170-ஆம் எண் பேருந்துதான். புக்கிட் தீமா சாலை நெடுக நின்றபடி தூங்கக் கற்றுக்கொண்டேன்.

முதல் நாள் நான் தோற்றது தேநீரிடம். "தே-சி கொசோங் ஒண்ணு, கோப்பி-ஓ பெங் ஒண்ணு, தே ஹலியா பொட்டலம்" என்று ஒருவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்தார். கொசோங் என்றால் மலாயில் வெறுமை, அதாவது சர்க்கரை கூடாது. பெங் ஹொக்கியன் சொல், ஐஸ் வேண்டும். ஓ என்றால் பால் இல்லை, சி என்றால் டின்னில் வரும் இனிப்பில்லாத சுண்டிய பால். ஹலியா இஞ்சி. ஜொகூரில் பிறந்து வளர்ந்து வீட்டில் இதே தேநீரைக் குடித்தவள்தான் நான். இருந்தும் சமையற்கட்டை அடைவதற்குள் மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. வெட்கப்பட்டுத் திரும்பக் கேட்காமல் தோன்றியதைச் சொன்னேன். மூன்றுமே தப்பாக வந்தன.

அங்கே மூத்தவர் ஒருவர் இருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணே என்போம். அவர் திட்டவில்லை. "கேட்டதை அவங்க முன்னாலயே ஒரு தடவ திருப்பிச் சொல்லு. அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. தப்பான தேத்தண்ணிய எடுத்துக்கிட்டுப் போயி நிக்கறதுதான் வெக்கம்" என்றார். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் யார் எதைச் சொன்னாலும் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். எத்தனையோ சண்டைகள் அதனால் பிறக்காமலே போயிருக்கின்றன.

அவர் சொல்லிக்கொடுத்தவை எல்லாம் இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள். வெறுங்கையோடு உள்ளே போகாதே, வெறுங்கையோடு வெளியே வராதே. போகும்போது ஒரு எச்சில் தட்டு, வரும்போது ஒரு தண்ணீர்க் குவளை. தோசைக்குப் பத்து நிமிடம் ஆகுமென்றால் பத்து நிமிடம் என்றே சொல், 'இதோ வருது' என்று சொல்லாதே. பசித்தவன் காத்திருப்பான், ஏமாந்தவன் காத்திருக்க மாட்டான். இலை போட்டால் நுனி அவருக்கு இடப்பக்கம் வரட்டும். யார் மேலாவது ரசம் கொட்டிவிட்டால் முதலில் ஆளைப் பார், அப்புறம் துணி, அப்புறம் தரை. யார் இடித்தார்கள் என்ற விசாரணை கடைசியில். கை கழுவிவிட்டு வருகிறவரின் ஈரம் காய்வதற்குள் பில்லை நீட்டாதே.

ஒன்றை மட்டும் அவர் கண்டிப்பாகச் சொன்னார்: "போதுமான்னு கேக்காத."

எனக்கு அப்போது விளங்கவில்லை. போதுமா என்பது மரியாதையான கேள்விதானே? ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் விளங்கியது. ஞாயிறு என்றால் தேக்கா கட்டுமானத் தொழிலாளர்களின் ஊர். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் வாரத்தில் ஒரு நாள் தங்கள் மொழி காதில் விழ வேண்டுமென்று வந்து கூடும் இடம். புதிதாக வந்தவர் போல ஓர் இளைஞர் தனியாக உட்கார்ந்து சாப்பாடு கேட்டார். முதல் சோற்றைச் சாம்பாரோடு வேகமாகத் தின்றார். பிறகு வேகம் குறைந்தது. இலையில் மிஞ்சிய நான்கு பருக்கைகளை விரலால் நகர்த்திக்கொண்டே இருந்தார். நான் சோற்று வாளியோடு போய், "போதுமாண்ணே?" என்றேன். உடனே, "போதுங்க" என்றார்.

அண்ணே தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்காமல் வந்து இரண்டு கரண்டிச் சோற்றை இலையில் வைத்தார். "ரசம் ஊத்தறேன், கொஞ்சம் குழி பண்ணுங்க" என்றார். அந்த இளைஞர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குழி செய்தார். இரண்டாம் முறை வாங்கினால் காசு கூடுமோ என்று அவர் பயந்திருக்கிறார். சாப்பாடு என்றால் கேட்கும்வரை போடுவார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் கூச்சம்.

போதுமா என்பது கேள்வி மாதிரிதான் இருக்கும். உள்ளே 'போதும் என்று சொல்லிவிடேன்' என்ற வேண்டுதல் ஒளிந்திருக்கும். கூச்சக்காரருக்கு அது மட்டும்தான் காதில் விழும். 'இன்னும் கொஞ்சம் வைக்கவா' என்பது வேறு. வேண்டாமென்றால் கையை மறித்தால் போயிற்று, வேண்டுமென்றால் வாயைத் திறக்கவே வேண்டாம். ஒருவரைக் கேட்க வைத்துக் கொடுப்பதற்கும் கேட்காமல் கொடுப்பதற்கும் நடுவில் அவருடைய மானம் இருக்கிறது. பரிமாறுகிறவன் காப்பாற்ற வேண்டியது அதைத்தான் என்று எனக்குப் பட்டது. சோற்றைச் சமைத்தவர் வேறு, விற்றவர் வேறு. அந்த மானம் மட்டும் அந்த நிமிடம் நம் கையில் இருக்கிறது.

இப்படிச் சொல்லும்போதே எனக்குள் ஒரு குரல் குறுக்கிடுகிறது. பிறர் மானத்தைக் காக்கிறவளின் மானத்தை யார் காப்பது? வள்ளுவர் விருந்தோம்பலுக்குப் பத்துக் குறள் ஒதுக்கினார். ஆனால் அது வீட்டுக்காரருக்கு. தன் வீட்டில் தன் சோற்றைப் போடுகிறவருக்கு முகம் மலர்வது எளிது. இன்னொருவர் கடையில், இன்னொருவர் சோற்றை, மாதச் சம்பளத்துக்குப் போடுகிறவளிடம் அதே மலர்ச்சியை எதிர்பார்க்கிறோம். விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டவர்களிடம் போய் நின்றிருக்கிறேன். ஒருநாள் சமையற்கட்டில் நடந்த தவறுக்கு வாடிக்கையாளர் முன்னால் என்னை மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறார்கள். அன்று இரவு பேருந்தில் தூக்கம் வரவில்லை. மறுநாள் தொடங்கி ஒரு வாரத்துக்கு என் முகத்தில் சிரிப்பு இருந்தது, நான் அதில் இல்லை.

அதனால் தங்கை மகனுக்குப் பணிவைச் சொல்வதற்கு முன் கணக்கைச் சொல்ல விரும்புகிறேன். சிங்கப்பூரில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. பல உணவகங்கள் பில்லில் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்க்கும், அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. அந்தப் பத்து விழுக்காடு பரிமாறியவருக்குப் போகிறது என்று சாப்பிட்டவர் நினைத்துக்கொள்வார். அப்படித்தான் போக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. எனவே முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள். வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் சம்பளம், வேலை நேரம், விடுப்பு எல்லாவற்றையும் எழுத்தில் தர வேண்டும், கேட்டு வாங்கு.  அடிப்படைச் சம்பளம் 2,600 வெள்ளிக்கு மேல் இல்லையென்றால், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உன் உரிமை, வாரம் 44 மணி நேரத்தைத் தாண்டிய வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி. இதெல்லாம் தெரிந்தவன் பணிந்தால் அது பணிவு. தெரியாதவன் பணிவதற்குப் பெயர் பயம்.

சென்னை உட்லண்ட்ஸையும் நினைத்துக்கொள்கிறேன். உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து ஓட்டல் சமையற்கட்டில் எடுபிடியாகத் தொடங்கிய கே. கிருஷ்ணராவ், 1938-இல் ராயப்பேட்டையில் அந்தப் பெயரோடிருந்த பழைய பங்களாவில் தொடங்கியது அது. தேக்காவில் அப்பர் டிக்சன் ரோட்டிலும் அந்தப் பெயரை நெடுங்காலமாகப் பார்த்திருக்கிறேன். இந்தக் கதையை எங்கள் முதலாளிகள் அடிக்கடி சொல்வார்கள்: பார், எடுபிடியும் முதலாளி ஆகலாம்! ஆகலாம்தான். ஆனால் முதலாளி ஆனால்தான் இந்த வேலைக்கு மதிப்பு என்ற பொருளும் அதில் மறைந்திருக்கிறது. அண்ணே கடைசிவரை சோற்று வாளியோடுதான் இருந்தார். நான் அறிந்த மிகத் தேர்ந்த வேலைக்காரர் அவர்.

2020 மார்ச்சில் நோய்க்காக எல்லையை மூடினார்கள். இரண்டு ஆண்டு, 2022 ஏப்ரல் வரை, என் நடைவழியிலிருந்து பார்த்தால் பாலத்தில் அந்த எறும்புச் சாரி இல்லை. இந்தப் பக்கம் அகப்பட்டவர்கள் வீட்டுக்குப் போக முடியவில்லை, அந்தப் பக்கம் நின்றவர்கள் வேலைக்கு வர முடியவில்லை. பிறகு கடைகள் திறந்தபோது பல மேசைகளில் கட்டங்கட்டமான கியூஆர் குறியை ஒட்டியிருந்தார்கள். கைப்பேசியில் தட்டினால் சாப்பாடு வருகிறது. தே-சி கொசோங்கை அது தப்பாக எடுப்பதே இல்லை. சோறு தீர்ந்த பின் விரலால் பருக்கையை நகர்த்துகிறவரை மட்டும் அதற்குத் தெரியாது.

இதை எழுதும்போது அண்ணே சொல்லாமல் செய்த ஒன்று நினைவுக்கு வருகிறது. மதியக் கூட்டம் அடங்க நான்கு மணி ஆகும். அதற்குள் எங்களுக்குப் பசி மரத்துப்போயிருக்கும். தண்ணீரைக் குடித்துவிட்டு மாலைக் கூட்டத்துக்கு மேசை துடைக்கத் தொடங்குவேன். அவர் ஒரு தட்டில் மூடி வைத்திருந்த வடையையும் சோற்றையும் என் முன்னால் வைத்து, "உக்காந்து பசியாறு" என்பார். நின்றுகொண்டு தின்ன விடமாட்டார். நாள் முழுக்க மற்றவர் இலையைப் பார்க்கிறவர்களுக்குத் தங்கள் வயிறு மறந்துபோகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் சாப்பிட்டாயா என்று கேட்பதைவிடப் பசியாறினாயா என்றுதான் கேட்போம். பசி தணிகிற அந்த ஆறுதலேதான் துக்க வீட்டில் சொல்கிற ஆறுதலும். தங்கை மகனுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. திங்கட்கிழமை நான்கு மணிக்கு அவனை அழைப்பேன். வேலை எப்படி, முதலாளி எப்படி என்றெல்லாம் பிறகு கேட்டுக்கொள்ளலாம். உட்கார்ந்து பசியாறினானா என்று முதலில் கேட்க வேண்டும்.