பருவம் தரும் துன்பமும் பிறர் தரும் துன்பமும்

மோலிய சீவகர் என்னும் பரிவிராஜகர் இராஜகிருகத்து வேணுவனத்தில் பகவான் புத்தரை அணுகி, மனிதன் அடையும் இன்ப துன்பம் யாவும் முன்வினைப் பயனே என்று சிலர் சொல்லுவது தகுமோ என வினவினார். தகாது என்றார் பகவான். பித்தம், சிலேத்துமம், வாதம், அம்மூன்றின் கூட்டு, பருவ மாறுதல், ஒழுங்கற்ற நடை, பிறர் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களை எடுத்துரைத்தார். சம்யுத்த நிகாயத்திலுள்ள இச்செய்தியை நம்மவர் மறத்தலாகாது. 'உன் பசி உன் பூர்வ கர்மம்' என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லக் கேட்டவர்கள் அல்லமோ நாம்!

இவ்வெட்டனுள் பருவ மாறுதல் ஒன்று. பிறர் தாக்குதல் வேறொன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட வரப்பு இந்நாளில் அழிந்து வருகிறது.

1991-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பினடூபோ எரிமலை கக்கிய கந்தகப் புகை மேல்வானில் மென்திரையெனப் பரவி, உலக வெப்பத்தை ஏறக்குறைய அரை டிகிரி தணித்தது. மனிதரே அவ்வாறு கந்தகத்தைத் தூவி, கரியமில வாயுவால் ஏறிய வெப்பத்தை இறக்கலாமன்றோ என்பது ஒரு யோசனை. சோதித்துப் பார்க்க வேறோர் உலகம் நமக்கில்லை. ஆதலின் காற்று, கடல், மேகம் இவற்றின் நியதிகளைக் கணக்காக்கிக் கணிப்பொறியில் ஓர் உலகை இயக்கிப் பார்க்கின்றனர். 2000-ஆம் ஆண்டில் கோவிந்தசாமி பாலாவும் கென் கால்டீராவும், கரியமில வாயு இரட்டித்த உலகில் வெயிலை நூற்றுக்கு 1.8 பங்கு குறைத்துக் கணித்தனர். வெப்பம் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிற்று. பின்னர்ப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியராய் விளங்கிய அதே பாலா, வேறிருவருடன் 2008-இல் மற்றொன்றையும் காட்டினார். வெப்பம் சமனானாலும் மழை சமனாகாது, குறையும். நீரை ஆவியாக்குவது வெயிலன்றோ?

சராசரிக் கணக்கு இங்ஙனம். அந்தச் சராசரிக்குள் ஒளிந்திருப்போர் யார்? ஆப்பிரிக்காவில் சகாராவின் தென்விளிம்பாகிய சாஹேல் நாட்டு உழவரைப் பாருங்கள். உலகின் வடபாதியில் மட்டும் கந்தகத்தைத் தூவினால் மழைப்பட்டை தெற்கே நகர்ந்து சாஹேல் வறண்டுபோம் என்று பிரிட்டனின் ஹேவுட் குழுவினர் 2013-இல் கணித்தனர். அதே செயல் அட்லாண்டிக் கடலின் பெரும்புயல்களைக் குறைக்கும் என்று 2017-இல் கணிப்பு வந்தது. ஒரு கரையோரத்தின் வீடு பிழைக்கும். மற்றொரு நாட்டின் தினைக்கொல்லை காயும். நூற்பாலையில் ஈரக்காற்று விடுவது நூல் அறாதிருக்கவே. நூற்பவன் நெஞ்சுக்கு எது இதம் என்று எவர் கேட்டார்!

சேதனையே வினை என்பது தம்மம். எரிமலை அறியாது, ஆகவே அதனால் வரும் வறட்சி பருவத்தின் பாற்படும். கணிப்பைக் கண்ட பின் தூவுகிறவனுடைய வறட்சியோ தாக்குதலின் பாற்படும். அங்ஙனமாயின் ஆராய்ச்சியே வேண்டாவோ? அன்று. அவிச்சையைப் போற்றுவது பௌத்தன் செயலன்று. மேலும், புகையின் கேட்டை நன்கறிந்தும் நிலக்கரியை எரித்துக் கொண்டே இருப்போரும் இதே வரப்பைத் தாண்டியவரே. அவர்களை விடுத்துத் தூவ நினைப்பவனை மட்டும் குற்றவாளியாக்குவது நடுநிலை ஆகாது. ஆயினும் தூவத் தொடங்கியவன் இடையில் நிறுத்தினால், மறைந்திருந்த வெப்பம் சில ஆண்டுகளிலேயே பாய்ந்தேறும் என்று கணிப்புகள் கூறுவதையும் மறைக்கலாகாது. இன்னும் பிறவாத மக்களை அவன் பிணையாக வைக்கிறான்.

துன்புறுவோரைக் கேட்டார்களா என்பதே என் வினா. 2021-இல் சுவீடன் நாட்டுக் கிருனாவில் ஹார்வர்டு ஆய்வாளர் பறக்கவிட எண்ணிய பலூன், அந்நிலத்துச் சாமி மக்களின் சபை எதிர்த்தமையால் பறக்கவில்லை. 2024-இல் நைரோபியில் கூடிய ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் பேரவையில் இதுபற்றிச் சுவிட்சர்லாந்து கொணர்ந்த தீர்மானம், நாடுகள் ஒத்துவராமையால் திரும்பப் பெறப்பட்டது.