பாலூட்டுவது யார் கடமை?

குழந்தை பிறந்ததும் வலக் காதில் பாங்கும் இடக் காதில் இகாமத்தும் சொல்கிறோம். ஏழாம் நாள் தலைமுடி இறக்கி, பெயர் சூட்டி, அகீகா கொடுக்கிறோம். இவற்றில் குறை நேர்ந்துவிடக் கூடாதே என்று நம் இல்லங்களில் எவ்வளவு கவலை! அல்ஹம்துலில்லாஹ், அது வேண்டியதுதான். ஆனால், பாங்குக்கும் அகீகாவுக்கும் இடைப்பட்ட அந்த ஏழு நாட்களில் பிள்ளை பெற்றவள் என்ன பாடு படுகிறாள் என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

நம் இல்லத்தில் நடந்ததையே சொல்கிறோம். பிறர் குறையைச் சொல்வதைவிட நம் குறையைச் சொல்வது மேலல்லவா?

நம் மகளுக்குத் தலைப்பிரசவம். மூன்றாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். அன்றிரவு முழுதும் குழந்தை அழுதது. மார்பில் போட்டால் நாலைந்து முறை சப்பும்; பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிடும். மகளுக்கோ காம்பு வெடித்து இரத்தம் கசிந்தது. பிள்ளை பார்க்க வந்தவர்கள், பால் போதவில்லை போலும் என்றார்கள். நாமும் மருமகனைக் கூப்பிட்டு, "இவளுக்குப் பால் இல்லை, பவுடர் பால் வாங்கி வாருங்கள்" என்று சொல்லிவிட்டோம். அவள் காதில் விழும்படியே சொன்னோம்.

மறுநாள், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அண்டை வீட்டு அம்மாள் வந்தார். பார்த்ததும், "பால் இல்லேன்னு யாரும்மா சொன்னா? பிள்ளை காம்பை மட்டும் கவ்வுது. அதான் உனக்குப் புண்ணாகுது, அதுக்கும் பால் கிடைக்கலை" என்றார். குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பினார். அது வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து, காம்போடு சுற்றியுள்ள கருவட்டமும் பெரும்பகுதி உள்ளே போகும்படி அணைத்துக் கொடுத்தார். சற்று நேரத்தில் குழந்தை விழுங்கும் ஓசை கேட்டது. எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. தாயும் சேயும் பழகிக்கொள்ள இரண்டு வாரம் பிடித்தது.

நாற்பது கழிந்தபின் ஒரு நாள் மகள் சொன்னாள்: "வலியைக்கூடப் பொறுத்துக்கிட்டேன் உம்மா. நீங்க பால் இல்லேன்னு சொன்னதைத்தான் தாங்க முடியலை."

நாம் வாயடைத்துப் போனோம்.

பால் சுரப்பது இயற்கை. பாலூட்டுவதோ கற்றுக்கொள்ள வேண்டியது. முதல் இரண்டு மூன்று நாட்களுக்குச் சீம்பால் சிறிதளவே வரும். பிறந்த குழந்தையின் சின்னஞ்சிறு இரைப்பைக்கு அதுவே போதும். பிறகுதான் பால் பெருகும். தலைப்பிரசவத்திலும் அறுவைப் பிரசவத்திலும் இன்னும் சற்றுத் தாமதமாகலாம். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். புட்டியைக் கொடுத்தால் சப்புவது குறையும். அதனால் சுரப்பும் குறையும். ஆக, பால் இல்லை என்ற சொல்லே பாலை வற்றச் செய்துவிடுகிறது! ஐந்தாம் நாளுக்குமேல் குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் கழித்தால், பால் கிடைக்கிறது என்று அறியலாம். இல்லையெனில் தாமதியாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கலீபா உமர் (ரலி) அவர்கள் ஓரிரவு மதீனாவில் வந்து தங்கிய வணிகக் கூட்டத்தைக் காவல் காத்திருந்தபோது, ஒரு குழந்தை மீண்டும் மீண்டும் அழுவதைக் கேட்டார்கள். இரக்கமில்லாத தாய் என்று அப்பெண்ணைக் கடிந்துகொண்டார்கள். வந்திருப்பவர் யாரென்று அறியாத அவள், பால் மறந்த பிள்ளைகளுக்கே உமர் உதவித்தொகை கொடுக்கிறார், அதனால்தான் அவசரமாகப் பால் மறக்கடிக்கிறேன் என்றாள். அன்று சுப்ஹுத் தொழுகையில் ஓதுவது பிறருக்கு விளங்காத அளவுக்கு அவர்கள் அழுதார்கள் என்றும், பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் உதவித்தொகை உண்டென்று அறிவித்தார்கள் என்றும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. தாயிடம் கண்ட குறை தமது சட்டத்தின் குறையே என்று உணர்ந்த அந்த மாமனிதர் எங்கே, நாம் எங்கே!

அப்படியானால் பாலூட்டுவது யார் கடமை? திருமறையின் 2:233ஆம் வசனத்தை ஊன்றிப் பார்க்க வேண்டுகிறோம். நிறைவாகப் பாலூட்ட விரும்புவோருக்கு இரண்டு ஆண்டு என்று சொல்லும் அதே வசனம், தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறது. எவரையும் சக்திக்கு மீறிச் சிரமப்படுத்தலாகாது என்கிறது. பிள்ளையை முன்னிட்டுத் தாய்க்குத் தீங்கு நேரக் கூடாது என்று தடுக்கிறது. இருவரும் கலந்து பேசி மனமொப்பிப் பால் மறக்கடித்தாலும், வேறொருத்தியைக் கொண்டு பாலூட்டினாலும் குற்றமில்லை என்கிறது. ஊட்டுபவள் தாய், அவளைத் தாங்குவது குடும்பம்.

ஷாபிஈ மத்ஹபின் சட்ட அறிஞர்கள் சீம்பாலைக் கொடுப்பது தாய்மீது கடமை என்றார்கள். அதன்பின், பாலூட்ட வேறொருத்தியும் இருந்தால் தாயை நிர்ப்பந்திக்கக் கூடாது என்றார்கள். நம் பக்கத்திலோ சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் இருந்தது. கடமையானதைக் கொட்டிவிட்டு, கடமையாகாததற்காகப் பெண்ணைப் பழித்தோமே!

நோயாலோ வேறு காரணத்தாலோ உண்மையிலேயே பால் போதாத தாய்மாரும் உண்டு. அவர்கள் குற்றவாளிகள் அல்லர். மருத்துவர் சொற்படி மாற்றுப் பால் கொடுப்பதால் அவர்களின் தாய்மை குறைந்துவிடாது. வேறொரு பெண் பாலூட்டினால் பால்குடி உறவு ஏற்பட்டு, பிற்காலத்தில் திருமணத் தடை வரும். ஆகவே ஊட்டியவர் யார், எத்தனை முறை ஊட்டினார் என்று எழுதி வைத்து, ஆலிம்களிடம் விளக்கம் கேட்டுக்கொள்வது நல்லது.

சகோதரர்களே! இரவில் அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்ள உங்களாலும் முடியும். மாமியார்களே, உம்மாக்களே! வந்தவர்கள் வாயை அடக்குவது நம் கையில் இருக்கிறது. பெற்றவளுக்குக் கஞ்சியும் உறக்கமும் ஒரு நல்ல சொல்லும் கொடுப்போம்.

அந்த ஒரு சொல்லுக்காக நாம் மகளிடம் பொறுக்கக் கேட்டுக்கொண்டோம். அவள் சிரித்துவிட்டுப் பிள்ளையை நம் மடியில் கிடத்தினாள். பிழை பொறுக்கும் அல்லாஹ்வும் நம்மைப் பொறுத்தருள்வானாக, ஆமீன்.