காவல்காரனின் மௌனம்

உண்மை பேசுவதைப் பற்றி அலுக்குமளவு விவாதித்திருக்கிறோம். உண்மையைச் சொல்லாமலிருப்பதைப் பற்றி அந்த அளவுக்கு யோசித்ததாகத் தெரியவில்லை. மௌனம் என்றால் பொதுவாக நமக்கு இரண்டு அர்த்தங்கள்: ஞானியின் மௌனம், கோழையின் மௌனம். இரண்டிலும் சேராத இன்னொன்றும் உண்டு. பிறருக்குச் சொந்தமான ஒன்றைக் காப்பவன், அது இருக்கிறது என்பதையே வெளியே சொல்லாமல் வைத்திருக்கும் மௌனம். அது ஒழுக்கமா, அல்லது ஏமாற்று வேலைதானா? ஆஃப்கானிஸ்தானில் தோண்டியெடுக்கப்பட்ட ஒரு புதையலின் சரித்திரம் இந்தக் கேள்வியை ஸ்தூலமாக நம்முன் வைக்கிறது.

1978 ஏப்ரலில் காபூலில் ஆட்சி கவிழ்ந்து ஜனாதிபதி தாவூத் கொல்லப்பட்டார். அந்த ஆண்டின் இறுதியில், நாட்டின் வடக்கே ஷிபர்கான் ஊருக்கு அருகில் தில்யா தெபே என்ற மேட்டைச் சோவியத் - ஆஃப்கன் குழு ஒன்று தோண்டிக்கொண்டிருந்தது. தலைமை வகித்தவர் விக்டர் சரியானிதி. மேட்டின் பெயருக்குப் பொன்மேடு என்றுதான் பொருள். ஆனால் அவர்களுடைய கவனமெல்லாம் அங்கே புதைந்திருந்த மிகப் பழைய கட்டடம் ஒன்றின்மேல் இருந்தது. அதன் இடிபாடுகளுக்குள் பிற்காலத்தில் யாரோ வெட்டிய சவக்குழிகள் எதிர்பாராமல் அகப்பட்டன. 1979 பிப்ரவரிக்குள் ஆறு குழிகளைத் திறந்தார்கள். ஐந்தில் பெண்கள், ஒன்றில் ஆண். இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள். பெரும்பாலும் தங்கம், அதிலும் பெரும்பகுதி ஆடைகளில் தைத்திருந்த சின்னஞ்சிறு தகடுகள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே சோவியத் படைகள் நாட்டுக்குள் நுழைந்துவிட்டன.

புதைக்கப்பட்டவர்கள் யார் என்பது முதல் மர்மம். காலம் ஏறத்தாழ கி.பி. முதல் நூற்றாண்டு. ரோமச் சக்கரவர்த்தி டைபீரியஸின் பொற்காசு அங்கே கிடைத்தது. சீனத்து வெண்கலக் கண்ணாடிகள் கிடைத்தன. ஆணின் குழியில் இந்தியப் பொற்காசு ஒன்று. ஒரு புறம் சக்கரத்தை உருட்டும் மனிதன், மறுபுறம் சிங்கம், கரோஷ்டி எழுத்துக்கள். கிரேக்க தேவதை அஃப்ரோதிதே இறக்கைகளோடும் நெற்றியில் பொட்டோடும் இருக்கிறாள். ஒரு பெண்ணின் கிரீடம் கழற்றித் தட்டையாக அடுக்கி எடுத்துச் செல்லும்படி செய்யப்பட்டிருந்தது. குதிரைமேல் வாழ்ந்தவர்களுக்கு அதுதான் சௌகரியம். யூசிகள் என்றார்கள், சகர்கள் என்றார்கள், குஷாணர்களின் முன்னோர் என்றார்கள். எல்லா நாகரிகங்களின் முத்திரையும் அந்தக் குழிகளில் இருக்கிறது. இறந்தவர் ஒருவருடைய பெயர்கூட இல்லை.

இரண்டாவது மர்மம் நம் காலத்தது. தோண்டியெடுத்தவை காபூல் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1989-ல் சோவியத் படைகள் வெளியேறின. நகரம் யுத்தகளமாகப் போகிறது என்பது தெரிந்துவிட்ட அந்த நாட்களில், நஜிபுல்லாவின் ஆட்சியில், மியூசியத்தின் மிக முக்கியமான பொருள்களைப் பெட்டிகளில் வைத்து ஜனாதிபதி மாளிகை வளாகத்திலிருந்த மத்திய வங்கியின் பாதுகாப்பு அறைக்குக் கொண்டுபோனார்கள். 1992-ல் அந்த ஆட்சி விழுந்தது. 1993-ல் மியூசியக் கட்டடத்தை ராக்கெட் தாக்கியது. கொள்ளை போனது போக மிஞ்சியவை கொஞ்சம். 1996-ல் தாலிபான் நகருக்குள் வந்து நஜிபுல்லாவைக் கொன்றார்கள். 2001-ல் பாமியான் புத்தர்களைத் தகர்த்தார்கள். மியூசியத்தில் மிஞ்சியிருந்த சிலைகளையும் உடைத்தார்கள்.

தங்கம் என்னாயிற்று? சோவியத்காரர்கள் மாஸ்கோவுக்குக் கடத்திவிட்டார்கள் என்றது ஒரு வதந்தி. உருக்கி ஆயுதம் வாங்கிவிட்டார்கள் என்றது மற்றொன்று. கள்ளச்சந்தையில் துண்டு துண்டாக விற்றுப்போயிற்று என்றும் சொன்னார்கள். உண்மை தெரிந்த மியூசியத்துக்காரர்களும் வங்கிக்காரர்களும் சிலர் காபூலிலேயே இருந்தார்கள். அவர்கள் எந்த வதந்தியையும் மறுக்கவில்லை. தாலிபான் காலத்தில் வங்கி ஊழியர் ஒருவர் பாதுகாப்பு அறையின் பூட்டுக்குள் சாவியை ஒடித்துவிட்டதாகவும் சொல்லப்படுகிறது.

2003-ல் பெட்டிகள் பத்திரமாக இருப்பதாக அரசாங்கம் அறிவித்தது. 2004-ல் அவற்றைத் திறந்தபோது சாவிகள் கிடைக்காததால் அறுத்துத்தான் திறந்தார்கள். சரியானிதியை வரவழைத்திருந்தார்கள். வெளியே எடுத்த ஒரு பொருளில் சிறிய கம்பி ஒன்றால் பழுது பார்த்திருந்தது. அந்தக் கம்பியைக் கட்டியது நான்தான் என்றார் அவர். கால் நூற்றாண்டுக்குப் பிறகு, அது போலியல்ல என்பதற்கு அவருடைய கை வேலையே சாட்சியாயிற்று.

இனி கேள்விக்கு வரலாம். வீட்டுக்குள் நண்பன் ஒளிந்திருக்க, கொலைகாரன் வாசலில் வந்து விசாரித்தால் பொய் சொல்லலாமா என்பதற்குக் கான்ட், 1797-ல் எழுதிய கட்டுரையில், கூடாது என்றே பதில் சொன்னார். வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் வேறு பக்கம் நிற்கிறார். குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் ஸ்தானத்தைப் பெறும் என்பது அவர் கருத்து. காபூல்காரர்கள் வள்ளுவரின் கட்சி என்று சொல்லிக் கட்டுரையை முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. விளைந்தது குற்றமில்லாத நன்மைதானா என்று கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்த மௌனத்துக்கு வேறு சிலர் விலை கொடுத்தார்கள். பதினான்கு வருஷங்கள் திருட்டுப் பழி யார் யார்மேலோ கிடந்தது. சோவியத்காரர்கள்மேல் கிடந்தது, அந்தத் தோண்டலே அவர்களோடு சேர்ந்து நடந்ததுதான். நஜிபுல்லாவின் ஆட்சிமேல் கிடந்தது. மற்றப் பாவங்கள் அந்த ஆட்சிக்கு எத்தனையோ இருக்கலாம்; தங்கத்தைப் பொறுத்தவரை பத்திரப்படுத்தியதுதான் அது செய்தது. அவர் பழியோடேயே செத்தார். மறுக்கக்கூடியவர்கள் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் தங்கம் போயிருக்கும். ஒரு பொருளைக் காப்பதற்காக மனிதர்கள்மேல் பொய்ப்பழி நிற்க அனுமதிக்கலாமா? அனுமதிக்கலாம் என்றுதான் நானும் கடைசியில் சொல்வேன். ஆனால் அது கறையில்லாத செயல் என்று சொல்லமாட்டேன். வள்ளுவரின் நிபந்தனையை அது முழுக்க நிறைவேற்றவில்லை.

பின் எந்த அடிப்படையில் அனுமதிப்பது? நான் வங்கியில் வேலை பார்ப்பவன். எங்கள் கிளைகளில் பணம் வைக்கும் இரும்பறைக்கு இரண்டு சாவிகள். ஒன்று காஷியரிடம், மற்றொன்று அதிகாரியிடம். இருவரும் சேராமல் கதவு திறக்காது. இந்த ஏற்பாடு எந்தத் தனி மனிதனின் நேர்மையையும் நம்பிச் செய்யப்பட்டதல்ல. யாரையும் முழுக்க நம்பவேண்டிய அவசியம் வராதபடி செய்யப்பட்டது. உள்ளே இருப்பது எவ்வளவு என்பது தினமும் ரிஜிஸ்தரில் ஏறி இரண்டு கையெழுத்துக்கள் விழுகின்றன. பணம் இருவருக்கும் சொந்தமில்லை.

காபூலில் நடந்ததை இந்த வெளிச்சத்தில்தான் எனக்குப் புரிந்துகொள்ள முடிகிறது. ஒருவன் மட்டும் அறிந்து வைத்திருப்பது ரகசியம்; அதை அவன் விற்கலாம், அல்லது அவனோடு அது செத்துப்போகலாம். பலர் அறிந்து, ஒவ்வொருவரும் மற்றவர் பேசமாட்டார் என்ற நம்பிக்கையில் பேசாதிருப்பது வேறு காரியம். அதில் ஒருவருக்கும் லாபமில்லை. சம்பளம் ஒழுங்காக வராத காலம், நகரில் குண்டுகள் விழும் காலம். வாயைத் திறப்பவனுக்குப் பரிசோ உயிர்ப்பிச்சையோ கிடைத்திருக்கலாம். நம் கிராமத்துக் கதைகளில் புதையலைப் பூதம் காக்கும். பூதத்துக்குப் பசியில்லை, பிள்ளைகுட்டி இல்லை. இவர்களுக்கு இரண்டும் இருந்தன.

காப்பாற்றும் மௌனத்தையும் அழிக்கும் மௌனத்தையும் வேறுபடுத்துவது அவசியம், ஏனென்றால் சர்க்கார்கள் தங்கள் குற்றங்களை மறைக்கும்போதும் நாட்டின் நன்மைக்காக என்றுதான் சொல்கின்றன. எனக்குத் தோன்றும் அளவுகோல் இது: காவல்காரனின் மௌனம் ஒரு நாள் முடிவுக்கு வருவதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. கேட்கத் தகுந்தவன் வந்ததும் பொருளை எடுத்து வைத்துக் கணக்குக் காட்ட அது தயாராக இருக்கிறது. குற்றவாளியின் மௌனம் தனக்கு முடிவே வரக்கூடாது என்று விரும்புகிறது. 2004-ல் பெட்டிகள் திறந்தபோது தங்கம் அங்கே இருந்தது, எண்ணிப் பட்டியலிட்டார்கள். அந்த எண்ணிக்கைதான் முன் நடந்த மௌனத்தை நியாயப்படுத்துகிறது. பெட்டி காலியாக இருந்திருந்தால் இதே மனிதர்களின் இதே மௌனத்துக்கு நாம் வேறு பெயர் வைத்திருப்போம். இது அசௌகரியமான முடிவு. நல்லவனா என்பது பதினான்கு வருஷங்கள் கழித்துத்தான் தெரிகிறது. அதுவரை அவனுக்கும் திருடனுக்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசமில்லை. அந்த வித்தியாசமின்மையைச் சகித்துக்கொள்வதும் காவலின் ஒரு பகுதி.

மண்ணின் மௌனமே போதுமே, தோண்டாமல் விட்டிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அதே மேட்டில் ஏழாவது குழி ஒன்று இருப்பதைச் சரியானிதி கண்டிருந்தார். திறப்பதற்குள் வேலை நின்றுபோயிற்று. பின்னால் அது கொள்ளை போய்விட்டதாகச் சொல்கிறார்கள். இரண்டாயிரம் வருஷம் காத்த மண் அதற்குப்பின் காக்கவில்லை. மண் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை.

2006-லிருந்து அந்தத் தங்கம் பாரிஸில் தொடங்கிப் பல நாடுகளில் காட்சிக்கு வைக்கப்பட்டது. சரியானிதி 2013-ல் காலமானார். 2021 ஆகஸ்டில் காபூல் மறுபடியும் தாலிபானிடம் விழுந்தது. கணக்குக் காட்டிய பிறகும் காவல் முடிந்துவிடுவதில்லை. ஒரு கூட்டம் காத்ததை அடுத்த கூட்டம் முதலிலிருந்து காக்கவேண்டியிருக்கிறது. முன்னவர்களின் நேர்மை பின்னவர்களுக்குக் கையிருப்பாக வந்து சேர்வதில்லை.