நம்ம ஊர்ப் பையன்தானே!

கம்பம், தேவாரம், போடி வட்டாரத்தில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. தூக்குவாளியோடு ஏறும் பெண்களுக்கு இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் வேலை. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என எந்த மலைப்பாதையில் போனாலும் கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஓட்டுபவரைப் பற்றி விசாரிப்பவர் அபூர்வம். “நம்ம ஊர்ப் பையன்தானே!”

செயலியில் வரும் காருக்கு அந்த வசதி இல்லை. முன்பின் தெரியாத மனிதருக்காகச் சான்றிதழ்தான் பேச வேண்டும். 2014 டிசம்பர் 5 இரவு டெல்லியில் நடந்த குற்றத்துக்குப் பிறகு, அது பொய் பேசியிருந்தது தெரியவந்தது. ஊபர் காரில் ஏறிய இளம்பெண்ணை ஓட்டுநரே பாலியல் வன்கொடுமை செய்தார். அவருடைய நன்னடத்தைச் சான்றிதழ் போலி. 2011இல் இன்னொரு பாலியல் வழக்கில் கைதாகி, பிறகு விடுதலையானவர் அவர். 2015 நவம்பரில் ஆயுள் தண்டனை பெற்றார்.

செயலிவழி வாடகை வண்டிகளுக்காக 2020 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்கள் ஓட்டுநருக்குக் காவல்துறைச் சரிபார்ப்பைக் கேட்டன. குடிபோதையில் ஓட்டியது, மோசடி, பாலியல் குற்றம் போன்றவற்றுக்காகக் கடந்த 7 ஆண்டுகளில் தண்டிக்கப்பட்டவருக்கு இடமில்லை என்றன.

அப்படியானால் எட்டாம் ஆண்டில் மனிதன் திருந்திவிடுகிறானா?

பக்தி மரபுக்கு இதில் தயக்கமே கிடையாது. தவறான வழியில் வாழ்ந்து, வெறுத்துப்போய், திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து குதித்த அருணகிரிநாதரை முருகன் கையில் ஏந்திக் காத்தான் என்கிறது அவர் கதை. பழையதை இறைவன் கணக்குப் பார்க்கவில்லை. பயணிக்கு அந்த வல்லமை இல்லை. மனதுக்குள் இருப்பதைக் காண அவரால் முடியாது. திருந்தியவருக்குப் பிழைக்க வேறு வேலை கொடுப்பது ஊரின் கடமை. இரவில் தனியாக வரும் பெண்ணை அவர் பொறுப்பில் விடுவது வேறு விஷயம். மன்னிப்பதால் சோதிக்கும் கடமை தீர்ந்துவிடாது.

திருக்குறளின் 51ஆம் அதிகாரமான தெரிந்துதெளிதல் அரசனுக்குச் சொன்னதுதான். ஆனாலும் அது இந்த மலைப்பாதைக்கும் பொருந்தும். ஒருவரின் செயலையே உரைகல்லாக வைக்கச் சொல்கிறார் வள்ளுவர். அன்பை மட்டும் பிடித்துக்கொண்டு ஒருவரைத் தேர்வது அறியாமையில்தான் முடியும் என்றும் எச்சரிக்கிறார். “நம்ம ஊர்ப் பையன்” என்பது அந்த அன்புதான். அவர் நல்லவராகவே இருக்கலாம். ராத்திரி தூங்கினாரா, குடித்தாரா என்பதை அந்த அன்பு சொல்லாது.

தோட்ட முதலாளிகளும் ஜீப் உரிமையாளர்களும் ஓட்டுநரின் உரிமத்தையும், அன்றைய நிலையையும், வண்டியில் ஏறும் தலைகளின் எண்ணிக்கையையும் தினமும் பார்க்க வேண்டும். அவர்கள் பார்க்காவிட்டால், ஏறுகிற பெண்களே தயங்காமல் கேளுங்கள்.