இடுப்பில் கட்டும் சாட்சி

பிள்ளைகளைக் கராத்தே வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர்கள் இன்று நம் மஹல்லாக்களிலும் இருக்கிறார்கள். உடலுக்கு உறுதி, மனதுக்குக் கட்டுப்பாடு என்ற நல்ல நிய்யத்தோடுதான் அனுப்புகிறார்கள். ஆனால் சில மாதங்கள் சென்றதும் பிள்ளையிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்றாகிவிடுகிறது: "இப்போ என்ன பெல்ட்?" மதரஸாவிலிருந்து வரும் பிள்ளையிடம் எத்தனை ஜுஸ்வு முடித்தாய் என்று கேட்டுவிட்டு, ஓதுவது சரியாக இருக்கிறதா என்பதைக் கேட்க மறந்துவிடுகிறோமே, அதைப் போன்றதுதான் இதுவும்.

இந்தப் பெல்ட் முறை அப்படியொன்றும் பழமையானதல்ல. ஜப்பானில் 1882-இல் ஜூடோவுக்கெனப் பள்ளி நிறுவிய கானோ ஜிகோரோ, தேர்ந்த மாணவர்களை அடையாளம் காட்டக் கறுப்புப் பெல்ட்டைக் கொண்டுவந்தார். ஒகினாவாத் தீவின் கராத்தேயை டோக்கியோவில் பரப்பிய ஃபுனகோஷி கிச்சின், அம்முறையைப் பின்பற்றி 1924-இல் தம் மாணவர்களுக்கு முதன்முதலாகக் கறுப்புப் பெல்ட் வழங்கினார். பச்சை, நீலம் முதலிய வண்ணங்கள் பரவியது அதற்கும் பிறகுதான்.

அந்த ஃபுனகோஷி மாணவராய் இருந்தபோது அவருக்குப் பெல்ட் எதுவும் இல்லை. 1868-இல் பிறந்த அவர் பகலில் பள்ளி ஆசிரியர். இரவில் அஸாத்தோ என்னும் ஆசானின் வீட்டு முற்றத்தில் மாணவர். ஆசான் மங்கிய விளக்கருகே அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அடியும் தடுப்பும் ஒரே ஒழுங்கில் அமைந்த பயிற்சிக்குக் காத்தா என்று பெயர். அதை வியர்க்க வியர்க்கச் செய்து முடித்தால், இன்னொரு முறை செய் என்பதுதான் பெரும்பாலும் பதில். ஒரே வகையைச் சேர்ந்த மூன்று காத்தாக்களைக் கற்கத் தமக்குப் பத்து ஆண்டுகள் பிடித்தன என்று அவரே தம் வாழ்க்கை நூலில் எழுதியிருக்கிறார். ஆசானுக்குத் திருப்தி ஏற்படாமல் அடுத்த பாடம் கிடையாது. அலிஃப், பே திருந்தாத பிள்ளைக்கு அடுத்த பாடம் கொடுக்காத பழைய உஸ்தாதுமார்களை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள்.

அப்படியானால் பெல்ட்டே வேண்டாமா? அவ்வாறு சொல்வது நியாயமாகாது. சிறு பிள்ளைக்கு ஊக்கம் வேண்டும். முப்பது பேர் நிற்கும் வகுப்பில் யாரை யாரோடு மோதவிடலாம் என்பதை ஆசிரியர் பார்த்தவுடன் அறியவும் அது உதவுகிறது. பெல்ட்டுக்கு ஆசைப்படுவதும் குற்றமல்ல. கறுப்புப் பெல்ட்டின் முதல் நிலையை ஷோதான் என்பார்கள். தொடக்க நிலை என்பதே அதன் பொருள். அதை முடிவென்று எண்ணிக்கொண்டு அத்தோடு வகுப்பை விட்டுவிடுகிறவர்கள்தாம் பரிதாபத்துக்குரியவர்கள்.

எனக்குப் பெரிதாகத் தோன்றும் கேள்வி வேறு. பெல்ட் என்பது ஒரு சாட்சியம். "இவனுக்கு இவ்வளவு தெரியும்" என்று ஆசிரியர் ஊரறியச் சொல்லும் சொல் அது. கட்டணம் வாங்கியாயிற்று, பெற்றோர் மனம் நோகும், பிள்ளை வேறு வகுப்புக்குப் போய்விடுவான் என்றெல்லாம் எண்ணித் தகுதியில்லாதவன் இடுப்பில் அதைக் கட்டிவிட்டால், அது பொய்ச் சாட்சி அன்றி வேறென்ன? இங்கே ஏமாற்றப்படுகிறவன் அந்தப் பிள்ளையேதான். தன்னைக் காத்துக்கொள்ள முடியும் என்று நம்பி, விலகிப் போக வேண்டிய சண்டையில் அவன் நின்றுவிடக்கூடும். அடிபடும்போது பெல்ட் துணைக்கு வராது. ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளை ஓர் அமானத். மனம் நோகச் செய்தாலும் உண்மையைச் சொல்வது அந்த அமானத்தைப் பேணுவதில் சேரும்.

பொறுப்பு ஆசிரியரோடு முடியவில்லை. தேர்வில் தவறிய மகனுக்காக வாத்தியாரிடம் சிபாரிசுக்குப் போகும் தகப்பன், அந்தப் பொய்ச் சாட்சியை வலியக் கேட்டு வாங்குகிறான். போகத்தான் வேண்டுமென்றால் போகட்டும். எந்தக் காத்தாவில், எந்த இடத்தில் கால் தவறியது என்று கேட்டுக்கொண்டு வரட்டும். அதை மகன் வீட்டுத் திண்ணையோரம் இருபது தடவை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கத் தகப்பனுக்குக் கராத்தே தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.