முதலீட்டு விலகலும் துன்புறுவோரின் சொல்லும்

அயல்நாட்டு அரசொன்று தன் குடிமக்களில் ஒரு சாராரைக் கொடுமைப்படுத்தும்போது, அங்கே தொழில் நடத்தும் நிறுவனங்களின் பங்குகளை விற்று வெளியேறுமாறு பல்கலைக்கழகங்களையும் ஓய்வூதிய நிதியங்களையும் வலியுறுத்தும் இயக்கம் முதலீட்டு விலகல் எனப்படுகிறது. பொருளை வாங்க மறுக்கும் புறக்கணிப்பும், அரசே வணிகத்தை நிறுத்தும் பொருளாதாரத் தடையும் இதற்கு நெருங்கியவை. கொடுமையில் விளைந்த இலாபத்தில் பங்கு பெறுவது தவறு என்பதில் ஐயமில்லை. ஆனால் விலகலால் வரும் இழப்பு யார் தலையில் விழுகிறது, அதை ஏற்க அவர்கள் இசைந்தார்களா என்பதே எடைபோட வேண்டிய வினா.

தாமிரபரணிக் கரைக்கு இவ்வினா புதிதன்று. 1906இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை, ரூ.25 வீதம் 40,000 பங்குகள் என்ற திட்டத்துடன் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, தூத்துக்குடி–கொழும்பு வழியில் ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்தின் ஏகபோகத்தை எதிர்த்தபோது, மக்கள் தம் பணத்தை ஆதிக்கத்திடமிருந்து பெயர்த்து வேறிடத்தில் வைத்தார்கள். எதிர்த்தரப்பு கட்டணத்தை அடிமாட்டு விலைக்குக் குறைத்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதும் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். அவர் சிறையில் இருக்கும்போதே நிறுவனம் நொடித்து, அதன் கப்பல் போட்டி நிறுவனத்துக்கே விற்கப்பட்டது. விற்ற பங்கை மனச்சாட்சி குறைந்த ஒருவர் வாங்கிக்கொள்ளக்கூடும் என்று இன்று எழுப்பப்படும் மறுப்புக்கு இதைவிடக் கசப்பான சான்று கிடைப்பது அரிது. ஆயினும் அந்த முயற்சி வீண் என்று இப்பகுதியில் எவரும் சொல்வதில்லை. அதன் இழப்பை மற்றவர் மீது சுமத்தாமல், தொடங்கியவரே தம் உடலாலும் உடைமையாலும் சுமந்தார் என்பதே அதற்குக் காரணம்.

ஈழப்போர் முடிந்த பின், 2011 ஜூன் 8 அன்று, தமிழர் மறுகுடியேற்றம் பெற்றுச் சம உரிமையுடன் வாழும்வரை இலங்கை மீது பொருளாதாரத் தடை விதிக்க மத்திய அரசை வலியுறுத்தித் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஐந்து நாள் கழித்து, அவ்வாண்டில்தான் வ.உ.சி.யின் பெயர் சூட்டப்பட்டிருந்த தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் புறப்பட்டது. உறவினரைப் பார்க்கக் கடல் கடப்பவரின் வழியை அடைப்பதும் ஆட்சியாளரின் வருவாயை அடைப்பதும் ஒன்றல்ல. மனித உரிமை உடன்படிக்கைகள் மீறப்பட்டதைக் காட்டி, இலங்கைக்கு அளித்துவந்த ஜிஎஸ்பி பிளஸ் என்னும் இறக்குமதி வரிச்சலுகையை ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஆகஸ்டில் நிறுத்தி 2017இல்தான் மீட்டளித்தது. அதன் சுமை ஆட்சியாளரைத் தொடுமுன் ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்த இளம்பெண்களைத் தொட்டது.

நிறவெறி ஆட்சியின் கீழ் இருந்த தென்னாப்பிரிக்காவில் நிலை வேறு. 1946இலேயே இந்தியா அந்நாட்டுடன் வணிகத்தை முறித்துக்கொண்டது. 1959இல் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் தலைவர் ஆல்பர்ட் லுத்துலியும் தோழர்களும், முதலில் துன்புறப்போவது தம் மக்களே என்று தெரிந்தும், அந்நாட்டுப் பொருள்களைப் புறக்கணிக்குமாறு உலகை வேண்டினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் இயக்குநர் குழுவில் அமர்ந்து, 1977இல் தொழில் நெறிகளை வகுத்து, உள்ளிருந்தே திருத்த முயன்ற அமெரிக்கப் பாதிரியார் லியோன் சல்லிவனும், தாம் விதித்த இரண்டாண்டுக் கெடு முடிந்ததும் 1987இல் நிறுவனங்கள் முற்றாக வெளியேற வேண்டும் என்றார். உள்ளிருந்து கேள்வி கேட்பதும் நேர்மையான வழியே. கெடு இல்லாவிடில் அது இலாபத்துக்குத் திரையாகிவிடும். ஆனால் இலங்கையில், ஈழப்போருக்குப் பின் முள்வேலி முகாம்களில் அடைபட்டிருந்த வன்னி மக்களால் இவ்வாறு தம் விருப்பத்தைச் சொல்ல இயலவில்லை. ஆகவே புலம்பெயர்ந்தோர் அவர்கள் சார்பில் பேசினார்கள். அப்பேச்சு மதிக்கத்தக்கது, ஆனால் அது லுத்துலியின் வேண்டுகோளுக்கு நிகராகாது.

துன்புறுவோரின் இசைவு என்னும் இதே அளவுகோல் தாமிரபரணிப் பள்ளத்தாக்குக்கும் பொருந்த வேண்டும். கூலி உயர்வும் சிறைப்பட்ட தொழிலாளரின் விடுதலையும் கேட்டு, 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காகக் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்ற ஊர்வலத்தில், காவல்துறைத் தடியடிக்குப் பின் 17 பேர் உயிரிழந்தனர். அத்தோட்டங்களை நடத்திய பம்பாய் பர்மா நிறுவனம் அவற்றை மூட வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை அன்று. நிறுவனம் 2024இல் வெளியேற முற்பட்டபோது, மலையிலேயே வாழ்வதற்காக, தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் அத்தோட்டங்களை ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கை சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1999இல் தொலைநாட்டு நல்லோர் சிலர் அந்தத் தோட்டங்களுக்காக முதலீட்டு விலகல் இயக்கம் தொடங்கி வென்றிருந்தால், அந்தத் தொழிலாளர்கள் வேண்டாமென்று மன்றாடிய ஒன்றையே கால் நூற்றாண்டு முன்னதாக அவர்களுக்குக் கொடுத்திருப்பார்கள்.