தோற்கும் அணியின் ஆள்

வில்லியனூர் கடைத்தெருவின் மஞ்சள் சட்டைப் பையன்களுக்கு 2025 ஏப்ரல் சரியான அடி. சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவர் ஆடி 103 ரன்தான் எடுத்தது சென்னை. சீசன் முடியும்போது பட்டியலில் கடைசி இடம். சென்னைக்கு அது முதல் தடவை. ஐந்து கோப்பை பார்த்த கண்ணுக்குத் தோல்வி பழக்கமில்லை. முதலில் கோபம், பிறகு தோனி ஏன் இன்னும் ஆடுகிறார் என்று டீக்கடைச் சண்டை, கடைசியில் மஞ்சள் சட்டையே கண்ணில் படவில்லை. என்னை அது பெரிதாகத் தொடவில்லை. நான் புதுச்சேரி ரஞ்சி அணியின் ஆள்.

*

எந்த டீம் என்று கேட்பவரிடம் புதுச்சேரி என்றால், "நமக்கு டீம் இருக்கா?" என்கிறார். இருக்கிறது. 1934-ல் தொடங்கிய ரஞ்சிக் கோப்பைக்குள் நாம் நுழைந்தது 2018-ல். முதலில் பிளேட் பிரிவு. சிறிய மாநிலங்களோடு ஆடிக் கொஞ்சம் வென்றோம். பிறகு எலைட் பிரிவுக்குப் போனோம். அங்கே கர்நாடகா, டெல்லி, பரோடா என்று பழம் தின்று கொட்டை போட்டவர்கள். தோல்வி வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி உட்கார்ந்துவிட்டது. போகச் சொல்லவும் முடியவில்லை.

*

தோற்கும் அணியைப் பிடித்தவனுக்கு ஆசை சின்னதாகிவிடும். ரஞ்சியில் வென்றால் 6 புள்ளி. டிரா ஆனால், முதல் இன்னிங்ஸில் முன்னிலை பெற்றவருக்கு 3, மற்றவருக்கு 1. அந்த 3 புள்ளிதான் எங்கள் தீபாவளி. லீட் வருமா? ஃபாலோ ஆன் தப்புமா? எட்டாவது ஆள் உணவு இடைவேளை வரை நிற்பானா? போனில் ஸ்கோரைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறேன். நாற்பது பந்துக்கு நாலு ரன் என்று இருந்தால் மனசு குளிர்கிறது. ஜெயிக்கிற அணிக்காரன் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவான். ஆட்டத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கப் பழக்கியது தோல்விதான்.

*

பக்கத்து வீட்டைப் பார்த்தும் ஆறுதல் தேடலாம். தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையைக் கடைசியாக வென்றது 1987-88-ல். அதற்குப் பிறகு ஆறு இறுதிப் போட்டிகள், ஆறிலும் தோல்வி. 2012-ல் சேப்பாக்கத்திலேயே ராஜஸ்தான் 621 ரன் குவித்தது. வினீத் சக்சேனா 257. 2015-ல் கர்நாடகாவின் கருண் நாயர் 328. வாசல் வரை போய்த் திரும்புவது ஒரு வலி. வாசலையே பார்க்காதது வேறு வலி. எது பெரியது என்று ராத்திரியில் யோசிப்பேன். விடை கிடைப்பதற்குள் தூக்கம் வந்துவிடும்.

*

2024 ஜனவரியில் டெல்லிக்கே போய் டெல்லியை 9 விக்கெட்டில் வென்றோம். ஏழு முறை கோப்பை வென்ற அணி அது. தோற்ற கையோடு தன் கேப்டன் யஷ் துல்லை மாற்றிவிட்டது. எங்களிடம் தோற்றது அவர்களுக்கு அவ்வளவு பெரிய அவமானம்! சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

*

அந்த வெற்றியிலும் ஒரு முள். பத்து விக்கெட் எடுத்த கௌரவ் யாதவ் மத்தியப் பிரதேசத்துக்காரர். முன்பு ஆடிய பராஸ் டோக்ரா இமாச்சல், வினய் குமார் கர்நாடகா. விதிப்படி சரிதான், அவர்கள் இல்லாவிட்டால் இன்னும் மோசமாகத் தோற்றிருப்போம். ஆனாலும் ஆட்டக்காரர் பட்டியலைப் பார்க்கும்போது கண் வேறொன்றைத் தேடுகிறது. பாகூர், கரையாம்புத்தூர், திருபுவனை, ஏதாவது ஓர் ஊர்.

பாகூர்ப் பக்கம் சம்பா அறுத்ததும் வயலில் பையன்கள் இறங்குகிறார்கள். நடுவில் மட்டும் தாளை மிதித்துச் சமமாக்கி, டென்னிஸ் பந்தில் எட்டு ஓவர் மேட்ச். பந்து எந்தத் தாளில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கண் பார்த்து கை அடிக்கிறது. குறை திறமையில் இல்லை. எட்டு ஓவரில் ஒரு பந்தை அடிக்காமல் விட்டால் சொந்த டீமே திட்டும். நாலு நாள் ஆட்டத்தில் பந்தை விடத் தெரியாதவன் அரை மணி நேரம் தாங்க மாட்டான். அதைச் சொல்லிக் கொடுக்கத் தோல் பந்து வேண்டும், ஆடுகளம் வேண்டும், பக்கத்தில் நின்று பார்க்க ஒரு பெரியவர் வேண்டும். கொம்யூனுக்கு ஒன்று என்று இவை இருந்தால் போதும்.

*

தோல்வியில் எனக்கு வெட்கமில்லை. நம் பையன்கள் இல்லாமல் தோற்பதுதான் உறுத்துகிறது. அவர்கள் ஆடித் தோற்கட்டும். இன்னும் இருபது வருஷம் பொறுத்துக்கொள்கிறேன்.

ரஞ்சி ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. துத்திப்பட்டு மைதானத்தில் அடுத்த ஆட்டம் நடக்கும்போது ஒரு நாள் போய் வாருங்கள். போகும்போது வயலில் ஆடும் ஒரு பையனையும் கூட்டிப் போங்கள். பந்தை எப்படி விடுகிறார்கள் என்று அவன் பார்க்கட்டும்.